ஏ.பி. அமெரிக்க வரலாறு: முதன்முறை சொல்லிக்கொடுப்பவருக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில், பெரும்பாலும் பதினொன்றாம் வகுப்பில், பிள்ளைகள் எடுக்கும் கல்லூரித் தரப் பாடம் ஏ.பி. (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்) அமெரிக்க வரலாறு. பிள்ளைகள் அதை ‘ஏபுஷ்’ என்பார்கள். மே மாதத்தில் காலேஜ் போர்டு நடத்தும் தேர்வில் 1 முதல் 5 வரை ஒரு மதிப்பெண் கிடைக்கும். 3 வாங்கினாலே அதைக் கல்லூரிப் பாடமாகக் கணக்கில் எடுத்து கிரெடிட் தரும் கல்லூரிகள் உண்டு. 4, 5 கேட்பவையும் உண்டு. பள்ளியில் இந்த வகுப்பை முதன்முறையாக எடுக்கப்போகும் ஆசிரியர், வார இறுதியில் நாலைந்து பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பவர், வீட்டில் தன் பிள்ளைக்குத் துணை இருக்கும் அப்பா அம்மா ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் படித்து வந்த நமக்கு வரலாற்றுத் தேர்வு என்றால் ஆண்டுகள், பெயர்கள், போருக்கான காரணங்கள் ஐந்து, விளைவுகள் ஐந்து. அந்தப் பழக்கத்தோடு இந்தப் பாடத்தைத் தொட்டால் பிள்ளைக்கு நிறையத் தெரிந்திருக்கும், மதிப்பெண் மட்டும் வராது. இங்கே கேட்கப்படுவது ஒரு கேள்விக்கு நீ என்ன தீர்ப்புச் சொல்கிறாய், அதை எந்தச் சான்றால் நிறுவுகிறாய் என்பதுதான். தகவல் வேண்டும், நிறையவே வேண்டும். ஆனால் ஒவ்வொரு தகவலும் ஒரு வாதத்துக்கு உழைக்க வேண்டும். வருடம் முழுக்க நீங்கள் செய்யப்போகும் எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை.

முதலில் தேர்வை நீங்கள் படியுங்கள்

பாடப்புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னால் தேர்வின் அமைப்பைத் தெரிந்துகொள்ளுங்கள். மொத்தம் 3 மணி 15 நிமிடம். முதலில் 55 நிமிடத்தில் 55 மல்டிபிள் சாய்ஸ் கேள்விகள். அதற்கு 40 சதவீதம். அடுத்து 40 நிமிடத்தில் மூன்று சிறு விடைகள், அதாவது எஸ்.ஏ.க்யூ.; அதற்கு 20 சதவீதம். பிறகு இரண்டு கட்டுரைகள். ஏழு ஆவணங்களைக் கொடுத்து எழுதச் சொல்லும் டி.பி.க்யூ.வுக்கு ஒரு மணி நேரம், 25 சதவீதம். ஆவணம் எதுவும் தராமல் கேட்கும் நீண்ட கட்டுரையான எல்.இ.க்யூ.வுக்கு 40 நிமிடம், 15 சதவீதம்.

கூட்டிப் பாருங்கள். எழுத்துக்கு மட்டும் 60 சதவீதம். மல்டிபிள் சாய்ஸ்கூட ஒரு கடிதப் பகுதியையோ கேலிச்சித்திரத்தையோ வரைபடத்தையோ கொடுத்து, அதை ஒட்டி மூன்று நான்கு கேள்விகளாக வரும். ஆக, ஆவணம் வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு இந்தத் தேர்வில் எந்தப் பகுதியும் எளிதில்லை. ‘முதலில் பாடத்தை முடிப்போம், மார்ச்சில் கட்டுரைப் பயிற்சி வைத்துக்கொள்வோம்’ என்று திட்டமிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். முதல் வாரத்திலேயே எழுத வையுங்கள், நாலு வரியானாலும் சரி.

ஆண்டைப் பிரித்துக்கொள்வது

பாடத்திட்டம் 1491 முதல் இன்றுவரை ஒன்பது காலகட்டங்களாக இருக்கிறது. 1491–1607, 1607–1754, 1754–1800, 1800–1848, 1844–1877, 1865–1898, 1890–1945, 1945–1980, அப்புறம் 1980-க்குப் பிந்தையது. முதல் காலகட்டத்துக்கும் கடைசிக்கும் தேர்வில் தலா 4 முதல் 6 சதவீதம்தான். இரண்டாவதற்கு 6 முதல் 8. நடுவில் உள்ள ஆறு காலகட்டங்களுக்கும் தலா 10 முதல் 17 சதவீதம். கொலம்பஸிலும் ஜேம்ஸ்டவுனிலும் ஆறு வாரம் செலவழித்துவிட்டு, ஏப்ரலில் கறுப்பின மக்களின் சம உரிமைப் போராட்டத்தை ஒரே வாரத்தில் ஓட்டினால் நஷ்டம் யாருக்கு என்று இந்தக் கணக்கே சொல்லும்.

நான் பரிந்துரைக்கும் வேகம் இது: செப்டம்பர் முடிவதற்குள் முதல் இரண்டு காலகட்டங்கள். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன் உள்நாட்டுப் போரும், அதற்குப் பின் தெற்கு மாநிலங்களை மீண்டும் நாட்டோடு இணைத்த மறுசீரமைப்பும், அதாவது ஐந்தாவது காலகட்டம், முடிந்திருக்க வேண்டும். மார்ச் நடுவில் எட்டாவது முடிய வேண்டும். ஒன்பதாவதை ஏப்ரல் முதல் வாரத்தோடு நிறுத்திவிட்டு, மிச்ச நாட்களைத் திருப்புதலுக்கு வையுங்கள்.

ஆண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பதைக் கவனித்தீர்களா? ஐந்தாவது 1844-இல் தொடங்குகிறது, நான்காவதோ 1848-இல்தான் முடிகிறது. ஆறாவது 1865-இல் தொடங்குகிறது, ஐந்தாவது 1877 வரை போகிறது. இதைப் பிள்ளைகளிடமே கேளுங்கள்: ஏன் 1844? அது மேற்கு நோக்கி நாட்டை விரிப்பேன் என்று சொல்லி ஜேம்ஸ் போல்க் ஜனாதிபதித் தேர்தலில் வென்ற ஆண்டு. மெக்சிகோவோடு போர், புதிய நிலம், அந்த நிலத்தில் அடிமைமுறை உண்டா இல்லையா என்ற சண்டை எல்லாம் அங்கிருந்துதான் பெருகுகின்றன. ஏன் 1877? தெற்கு மாநிலங்களில் மறுசீரமைப்பு முடிவுக்கு வந்த ஆண்டு. ஒரு காலகட்டத்தை எங்கே வெட்டுகிறோம் என்பதே ஒரு வாதம் என்று பிள்ளைக்குப் புரிந்தால், ஆண்டுகள் தானாக நினைவில் நிற்கும்.

பதிவு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முழு ஆண்டு வகுப்புக்குத் தேர்வுப் பதிவு நவம்பர் நடுப்பகுதிக்குள் பள்ளி மூலம் முடிய வேண்டும். தாமதமானால் கூடுதல் கட்டணம். தன் பள்ளியில் இந்த வகுப்பு இல்லாத பிள்ளை, வெளியாரை அனுமதிக்கும் பக்கத்துப் பள்ளியைத் தேட வேண்டும். அதைச் செப்டம்பரிலேயே தொடங்கிவிடுங்கள்.

நாளுக்கு ஓர் ஆவணம்

எனக்கு ஒரே ஒரு பழக்கத்தைத்தான் பரிந்துரைக்க அனுமதி என்றால் இதைத்தான் சொல்வேன். ஒவ்வொரு வகுப்பின் தொடக்கத்திலும் பத்து நிமிடம், ஒரு சின்ன ஆவணம். உள்ளே இருப்பதை வாசிப்பதற்கு முன் அதன் தலைப்பு வரியை வாசிக்க வேண்டும்: யார், எப்போது, யாருக்கு.

இதற்கு நான் முதலில் எடுப்பது துண்டு துண்டாக வெட்டப்பட்ட பாம்பின் படம். ‘ஒன்று சேர், இல்லையேல் செத்துப் போ’ என்ற பொருளில் அடியில் ஒரு வரி இருக்கும். பெஞ்சமின் பிராங்க்ளின் தன் பென்சில்வேனியா கெஜட் பத்திரிகையில் போட்டது. பார்த்தவுடன் ‘பிரிட்டனுக்கு எதிரான புரட்சி’ என்று பல பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். ஆண்டைப் பார்க்கச் சொல்லுங்கள்: மே 1754. பிரிட்டனோடு அப்போது சண்டை கிடையாது. பிரெஞ்சுக்காரர்களையும் அவர்களோடு சேர்ந்த பூர்வகுடிகளையும் எதிர்கொள்ளக் காலனிகள் ஒன்றுபட வேண்டும் என்பதற்காக, காலனிகளின் பிரதிநிதிகள் கூடிய ஆல்பனி மாநாட்டுக்குச் சற்று முன்னால் வந்த படம் அது. பிற்பாடு, பிரிட்டன் காலனிகள்மேல் விதித்த முத்திரை வரிக் காலத்திலும் புரட்சிக் காலத்திலும் அதே பாம்பை பிரிட்டனுக்கு எதிராகத் திருப்பினார்கள். படம் ஒன்றேதான். ஆண்டு மாறியதும் பொருள் மாறிவிட்டது. பிள்ளை அன்றைக்குக் கற்றுக்கொள்வதை மே மாதம்வரை மறக்காது.

அடுத்தது பால் ரெவியரின் பாஸ்டன் படுகொலைச் சித்திரம், 1770. பிரிட்டிஷ் சிப்பாய்கள் வரிசையாக நின்று, அதிகாரி கத்தியை உயர்த்த, அமைதியாக நிற்கும் மக்கள்மேல் சுடுவதுபோல் இருக்கும். நடந்தது அப்படியல்ல. பனிக்கட்டியும் கட்டையும் பறந்த கைகலப்பில் துப்பாக்கிகள் வெடித்தன. ஐந்து பேர் இறந்தார்கள். அந்தச் சிப்பாய்களுக்காக நீதிமன்றத்தில் வாதாடியவர், பின்னாளில் ஜனாதிபதியான ஜான் ஆடம்ஸ். அவர்களில் ஆறு பேர் விடுதலையானார்கள். அப்படியானால் ரெவியரின் படம் பொய், தூக்கிப்போடு என்று பிள்ளை சொல்லும். அங்கேதான் நீங்கள் நிறுத்த வேண்டும். நிகழ்வுக்குச் சாட்சியாக அது பலவீனம்தான். ஆனால் பாஸ்டன்காரர்கள் மற்றக் காலனிகளை என்ன நம்பவைக்க முயன்றார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடைக்காது.

ஆசிரியர்கள் இதை ஹிப் என்று சுருக்கிச் சொல்வார்கள்: வரலாற்றுச் சூழல், யாரை நோக்கியது, நோக்கம், பார்வைக் கோணம். நான்கையும் எழுத வேண்டியதில்லை, ஒன்று போதும். ஆனால் அது வாதத்துக்கு ஏன் முக்கியம் என்று சொல்லியாக வேண்டும். ‘பிரெடரிக் டக்ளஸ் முன்னாள் அடிமை, அதனால் அடிமைமுறையை எதிர்த்தார்’ என்று எழுதினால் புள்ளி கிடைப்பது கடினம். இப்படி எழுதலாம்: ‘1852 ஜூலை 5 அன்று ரோச்செஸ்டர் நகரில், அடிமைமுறையை ஏற்கெனவே எதிர்த்துவந்த பெண்கள் சங்கத்தின் அழைப்பில் டக்ளஸ் பேசினார். அவர்களை மாற்ற வேண்டிய தேவை அவருக்கு இல்லை. தப்பி ஓடியவர்களைப் பிடித்துக் கொடுக்கச் சொல்லும் 1850-ஆம் ஆண்டுச் சட்டம் வடக்கு மாநிலங்களையும் குற்றத்தில் பங்காளி ஆக்கிவிட்டது என்று உணர்த்தி, நண்பர்களையே செயலுக்குத் தள்ளுவது அவர் நோக்கம். வடக்கில் எதிர்ப்பு ஏன் கடுமையானது என்பதை இது காட்டுகிறது.’ கடைசி வாக்கியம் இல்லாவிட்டால் முன்னால் உள்ளதெல்லாம் வெறும் தகவல்.

தீர்ப்பு வரி

பிள்ளைகள் தீசிஸ் என்பார்கள். கட்டுரைக்கு ஒரு புள்ளிதான் அதற்கு. ஆனாலும் அது கோணினால் மற்றப் புள்ளிகளும் கோணும். கேள்வி பெரும்பாலும் ‘எந்த அளவுக்கு’ என்று வரும். பயிற்சிக்கு ஒரு கேள்வி வைத்துக்கொள்வோம்: 1865 முதல் 1877 வரையிலான மறுசீரமைப்பு, விடுதலை பெற்ற கறுப்பின மக்களின் வாழ்க்கையை எந்த அளவுக்கு மாற்றியது?

‘மறுசீரமைப்பு பல மாற்றங்களைக் கொண்டுவந்தது’ என்பது விடையே அல்ல. ‘சிலவற்றை மாற்றியது, சிலவற்றை மாற்றவில்லை’ என்பதும் அப்படித்தான். எதை, ஏன் என்ற இரண்டும் வந்தாக வேண்டும். ‘நிலம் கிடைக்காததாலும் வன்முறையை ஒடுக்கும் உறுதி வாஷிங்டனுக்குக் குறைந்துபோனதாலும் தெற்கில் கறுப்பினத்தவரின் பொருளாதார வாழ்க்கை பழைய தோட்ட முதலாளிகளின் பிடியிலேயே இருந்தது, ஆனாலும் அரசியலமைப்பின் 14, 15-ஆம் திருத்தங்கள் அவர்களுக்கு முதன்முறையாகக் குடியுரிமையையும் ஆண்களுக்கு வாக்கையும் தந்ததால் அரசியல் வாழ்க்கை ஆழமாக மாறியது.’ இந்த ஒரு வாக்கியத்திலேயே இரண்டு பத்திகளின் வேலை தெரிந்துவிடுகிறது. ஒன்றுக்கு, விடுதலை பெற்றவர்களுக்கு 40 ஏக்கர் வீதம் ஒதுக்கிய, வடக்குப் படைத் தளபதி ஷெர்மனின் 1865-ஆம் ஆண்டு உத்தரவை ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் அதே ஆண்டில் புரட்டிப் போட்டதும், குத்தகைக் கடனில் மக்கள் சிக்கியதும். மற்றொன்றுக்கு, 1870-இல் மிசிசிப்பியிலிருந்து கறுப்பினத்தவரான ஹைரம் ரெவெல்ஸ் செனட்டுக்குப் போனது.

வாரம் இரண்டு முறை, கட்டுரை வேண்டாம், தீர்ப்பு வரி மட்டும் எழுதச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம். ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்து, ‘இதை யாராவது மறுக்க முடியுமா?’ என்று கேட்க வேண்டும். மறுக்க முடியாத வரி என்றால் அதில் வாதம் இல்லை.

டி.பி.க்யூ.: ஏழு புள்ளியைப் பிரித்துச் சொல்லிக்கொடுங்கள்

ஏழு ஆவணங்களைக் கண்டதும் புதிதாக வரும் பிள்ளை மிரண்டுபோகும். புள்ளிக் கணக்கைக் காட்டினால் பாதிப் பயம் போய்விடும். தீர்ப்பு வரிக்கு 1. பின்னணிக்கு 1. மூன்று ஆவணங்களில் உள்ளதைக் கேள்விக்குப் பொருத்திச் சொன்னால் 1. நான்கைத் தன் வாதத்துக்கு ஆதாரமாக்கினால் அது 2 ஆகும். ஆவணங்களில் இல்லாத வெளிச் சான்று ஒன்றுக்கு 1. இரண்டு ஆவணங்களுக்கு மேலே சொன்ன ஹிப் விளக்கத்துக்கு 1. சிக்கலான புரிதலைக் காட்டினால் இன்னொரு 1. ஆவணங்கள் ஆறு, ஹிப் மூன்று என்று பழைய வழிகாட்டிகளில் இருந்தால் அவற்றை ஒதுக்கிவையுங்கள். 2023–24 கல்வியாண்டில் அளவுகோல் மாறிவிட்டது.

இந்த ஏழையும் ஒரே நாளில் கற்பிக்காதீர்கள். அக்டோபரில் பின்னணி மட்டும். கேள்வி தொடங்கும் ஆண்டுக்கு முன்னால் கொஞ்சம் பின்வாங்கி, மூன்று நான்கு வாக்கியத்தில் அங்கே எப்படி வந்தோம் என்று சொல்லி, தீர்ப்பு வரியோடு கோக்க வேண்டும். மறுசீரமைப்புக் கேள்விக்கு கறுப்பினத்தவர் குடிமக்கள் ஆக முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1857-இல் சொன்ன டிரெட் ஸ்காட் தீர்ப்பிலிருந்து 1863-இல் வந்த விடுதலைப் பிரகடனம்வரை போதும். கொலம்பஸிலிருந்து தொடங்க வேண்டாம். நவம்பரில் ஆவணங்களைக் குழுவாகப் பிரிப்பது. ஏழையும் வரிசையாக ‘முதல் ஆவணம் சொல்கிறது, இரண்டாம் ஆவணம் சொல்கிறது’ என்று சுருக்கி எழுதுவதுதான் இந்தக் கட்டுரையில் நான் அதிகம் காணும் பலவீனம். ஒரு பத்திக்கு ஒரு கருத்து. அந்தக் கருத்துக்கு உதவும் ஆவணங்கள் எந்த எண்ணாக இருந்தாலும் அங்கே வரட்டும். ஹிப் பயிற்சி ஆண்டு முழுக்க நடப்பதால் தனியாக நேரம் தேவைப்படாது.

முழு டி.பி.க்யூ.வைக் கடிகாரம் வைத்து எழுதுவதை ஜனவரிக்குப் பிறகு தொடங்கினால் போதும். முதல் 15 நிமிடம் வாசிக்கவும் திட்டமிடவும். கேள்வி 1754-க்கும் 1980-க்கும் இடைப்பட்ட காலத்திலிருந்துதான் வரும் என்பதால் பயிற்சியையும் அங்கேயே வையுங்கள். சிக்கலான புரிதலுக்கான புள்ளியைத் துரத்த வேண்டாம். மற்ற ஆறும் உறுதியான பிள்ளைக்கு மட்டும் பிப்ரவரியில் சொல்லிக்கொடுங்கள்.

சிறு விடையும் நீண்ட கட்டுரையும்

எஸ்.ஏ.க்யூ. ஒவ்வொன்றிலும் அ, ஆ, இ என மூன்று பகுதி, பகுதிக்கு ஒரு புள்ளி. முன்னுரை, முடிவுரை, தீர்ப்பு வரி எதுவும் தேவையில்லை. முதல் வாக்கியத்தில் விடை, இரண்டாவதில் குறிப்பான சான்று, மூன்றாவதில் அது எப்படி விடையாகிறது என்ற விளக்கம். ‘ஏழாண்டுப் போருக்குப் பின் பிரிட்டிஷ் கொள்கையில் வந்த ஒரு மாற்றம்’ என்று பிரான்ஸோடு பிரிட்டன் நடத்திய அந்தப் போரைப் பற்றிக் கேட்டால்: காலனிகளிடம் நேரடியாக வரி வசூலிக்கத் தொடங்கியது, 1765 முத்திரை வரி செய்தித்தாளுக்கும் சட்டப் பத்திரங்களுக்கும் சீட்டுக்கட்டுக்கும்கூட விதிக்கப்பட்டது, போர்க்கடனை அடைக்கப் பணம் தேவைப்பட்டதால், அதுவரை வணிகத்தைக் கட்டுப்படுத்துவதோடு நின்ற அரசு வருமானத்துக்காகக் காலனிகளைப் பார்த்தது. அவ்வளவுதான், அடுத்த பகுதிக்குப் போய்விடலாம். ஒரு கேள்விக்கு 13 நிமிடம்.

எல்.இ.க்யூ.வில் மூன்று கேள்விகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். 1800 வரை, 1800 முதல் 1898 வரை, 1890 முதல் 2001 வரை. பிள்ளைக்குப் பிடித்த தலைப்பைவிட, குறிப்பான சான்றுகள் நான்கு உடனே நினைவுக்கு வரும் தலைப்பை எடுக்கச் சொல்லுங்கள். மல்டிபிள் சாய்ஸில் தவறான விடைக்குக் கழிவு இல்லை, எதையும் காலியாக விடக்கூடாது.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்காக

இந்த வரலாற்றைத் தாத்தா பாட்டி வாயிலாகக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளோடு நம் பிள்ளைகள் ஒரே வகுப்பில் உட்காருகிறார்கள். ‘இது நம்ம கதை இல்லையே’ என்ற விலகல் சிலரிடம் இருக்கும். அதைப் போக்க ஒரு வழி, அவர்கள் இங்கே இருப்பதற்கான காரணத்தையே பாடமாக்குவது. 1917-இல் வந்த குடியேற்றச் சட்டம் இந்தியா உட்பட ஆசியாவின் பெரும்பகுதிக்குக் கதவடைத்தது. 1923-இல் பகத் சிங் திந்த் வழக்கில், இந்தியர் குடியுரிமை பெறும் ‘வெள்ளையர்’ வகையில் வரமாட்டார் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1946-இல் குடியுரிமைக்கு வழி திறந்தது, ஆனால் ஆண்டுக்குச் சுமார் 100 இந்தியருக்கு மட்டுமே இடம். தேசவாரி ஒதுக்கீட்டை நீக்கிய 1965-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான் நம் குடும்பங்கள் பெருமளவில் வர முடிந்தது. அந்தச் சட்டம் சம உரிமைப் போராட்டத்தின் அலையில் வந்தது. அதை நடத்தியவர்கள் கறுப்பின மக்கள். இதைப் பிள்ளைக்குச் சொல்வது மதிப்பெண்ணுக்காக மட்டும் அல்ல, அதைத் தெரிந்துகொள்ளும் கடமை நமக்கு இருக்கிறது என்று நினைக்கிறேன். கூடவே, எட்டாவது காலகட்டத்தில் அருமையான வெளிச் சான்றாகவும் அது உதவும்.

பெற்றோருக்கு அமெரிக்க வரலாறு தெரியாவிட்டாலும் பரவாயில்லை. இரவு சாப்பிடும்போது ‘இன்னைக்கு என்ன படிச்ச?’ என்று கேட்பதோடு நிறுத்தாமல், ‘அதை யாராவது மறுத்துப் பேசினா என்ன சொல்லுவ?’ என்று கேளுங்கள். தமிழில் பதில் சொன்னாலும் அது பயிற்சிதான்.

திருத்துவதும் கடைசி வாரங்களும்

முந்தைய ஆண்டுகளின் கட்டுரைக் கேள்விகளையும், உண்மையான மாணவர் விடைகளையும், அவற்றுக்குக் கிடைத்த புள்ளிகளையும் காரணத்தோடு காலேஜ் போர்டு இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. புதியவருக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை. முதலில் நீங்கள் புள்ளியைப் பார்க்காமல் திருத்திப் பாருங்கள், பிறகு ஒப்பிடுங்கள். பிள்ளைகளையும் அப்படியே செய்ய வையுங்கள். பிள்ளையின் தாளைத் திருத்தும்போது ஒரு தடவைக்கு ஒரு குறையை மட்டும் குறியுங்கள். தாள் முழுக்கச் சிவப்பு மை இருந்தால் எதையும் திருத்திக்கொள்ளாது.

2025 முதல் தேர்வு முழுவதும் கணினியில், காலேஜ் போர்டின் ப்ளூபுக் செயலியில்தான். மார்ச் முதலே கட்டுரைகளைத் தட்டச்சு செய்து பழகட்டும். மாதிரித் தேர்வை அந்தச் செயலியிலேயே ஒருமுறை எழுதிப் பார்க்கட்டும். ஏப்ரல் திருப்புதலில் முதல் பக்கத்திலிருந்து மறுபடி வாசிக்க வேண்டாம். குடியேற்றம், தொழிலாளர், மத்திய அரசின் அதிகாரம், வெளியுறவு என்று ஒரு கருப்பொருளை எடுத்து, ஒன்பது காலகட்டங்களிலும் அது என்ன ஆனது என்று ஒரே தாளில் எழுதச் சொல்லுங்கள். கடைசி மூன்று நாள் புதிதாக எதுவும் வேண்டாம்.

தேர்வுக் கூடத்துக்குப் போகும் பிள்ளைக்கு இரண்டு விஷயம் சொல்லி அனுப்புங்கள். ஓர் ஆவணம் புரியவில்லை என்றால் அதிலேயே நின்றுவிடாமல் அடுத்ததற்குப் போகட்டும். ஏழில் நான்கு நன்றாகப் பயன்பட்டாலே ஆவணப் புள்ளிகள் இரண்டும் கிடைத்துவிடும். தீர்ப்பு வரி முன்னுரையிலோ முடிவுரையிலோ இருக்கலாம். எழுதிக்கொண்டு போகும்போதுதான் பலருக்கு வாதம் தெளிவாகும். அதனால் கடைசி இரண்டு நிமிடத்தில், அப்போது தெளிந்த வாதத்தை முடிவுரையில் புதிதாக ஒருமுறை எழுதிவிட்டு வரட்டும்.